அண்ணன் பங்கு

டெய்லரக்காவின் வாயில் எப்போது பார்த்தாலும் நாலைந்து குண்டூசி இருக்கும். அதை வைத்துக்கொண்டே பேசுவாள், அதை வைத்துக்கொண்டே திட்டுவாள், சிரிக்கவும் செய்வாள். என்றைக்காவது முழுங்கித் தொலைக்கப் போகிறாய் என்று கணவன் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். புதுத்துணி தைக்கிற கடை இல்லை அவளுடையது. இருக்கிற துணியைச் சரிசெய்து கொடுக்கிற கடை. கீழே கடை, மேலே வீடு, நடுவில் ஒரே ஒரு ஆள் ஏறுகிற மாதிரி ஒரு படிக்கட்டு. நீளமானதைக் குட்டையாக்க வேண்டும், தொளதொளவென்று இருப்பதைப் பிடித்துத் தைக்க வேண்டும், இறுக்குவதைப் பிரித்து விட வேண்டும். அவ்வளவுதான் தொழில்.

தன் உடம்பு பெருத்துவிட்டது என்று ஒப்புக்கொண்ட வாடிக்கையாளர் ஒருவரைக்கூட அவள் இதுவரை பார்த்ததில்லை. எல்லாருக்கும் துணிதான் சுருங்கிப்போகும். துவைத்தவன் மேல் பழி, சோப்பு மேல் பழி, தண்ணீர் மேல் பழி. டெய்லரக்காவும் ஆமாமா, இப்போதெல்லாம் துணியே சரியில்லை என்று குண்டூசி வழியாக ஒத்து ஊதிவிட்டு, இடுப்பில் இரண்டு விரல் பிரித்து விடுவாள். வந்தவர் நிம்மதியாகப் போவார். பிரித்து விடுகிற வேலை என்றால் அவளுக்கு உற்சாகம். பிடித்துத் தைக்கிற வேலை வந்தால் மட்டும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வைத்து, கேட்டவர் கத்திய பிறகுதான் எடுப்பாள்.

அதற்குக் காரணம் பெரியவன்.

பெரியவன் என்றுதான் இன்றைக்கும் வீட்டில் அவனுக்குப் பெயர். மூத்த மகன். இறந்துபோகும்போது அவனுக்கு நாலு வயது. குடலில் ஏதோ கோளாறு, தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. அந்த வருடம் முழுக்க டெய்லரக்கா மகனுடைய கால்சட்டைகளை இடுப்பில் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிடித்து ஒரு மாதம் ஆவதற்குள் மறுபடி நழுவும், மறுபடி பிடிப்பாள். கடைசியில் பிடிக்கத் துணிதான் இருந்தது, பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தான். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து வாயில் எதுவும் படக்கூடாது, தண்ணீர்கூட. அவன் பசிக்குது பசிக்குது என்று புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். வந்ததும் தருகிறேன் என்று சொன்னாள். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போதும் அதையேதான் கேட்டுக்கொண்டு போனான். வரவில்லை.

சின்னவள் அப்போது வயிற்றில்.

ஆகக்கூடி, பசியோடு போனவனுக்கும் பிறந்து வந்தவளுக்கும் நடுவில் டெய்லரக்காவுக்கு மூச்சுவிடக்கூட நேரம் கிடைக்கவில்லை. சின்னவளுக்குச் சோறு ஊட்டத் தொடங்கிய நாளிலேயே வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. கிண்ணம் காலியானதும் இன்னும் ஒரு வாய் உருட்டி, இது அண்ணனுக்கு என்று சொல்வாள். அது ஏதோ விளையாட்டு என்று நினைத்து அந்தக் குழந்தை ஆவென்று வாயைத் திறக்கும். பிள்ளை போனபின் டெய்லரக்கா முதல் தடவையாகச் சிரித்தது அந்த ஒரு வாய்க்குத்தான். லாரி ஓட்டுகிற கணவன், வாரத்தில் பாதி நாள் ரோட்டிலேயே கிடப்பவன், அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை. அவன் மேலும் தப்பு சொல்ல முடியாது, அந்தச் சிரிப்புக்காக அவன் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பான்.

ஒரு வாய் ஒரு வாயாகவே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பிள்ளைகள் வளருவார்கள் இல்லையா? பெரியவன் இருந்திருந்தால் ஆறு வயது, ஆறு வயதுப் பையன் ஒரு வாயோடு எழுந்துவிடுவானா? அடுத்து எட்டு. பத்து. பந்து விளையாடிவிட்டு வருகிற வயசு, அகப்பை அகப்பையாக உள்ளே போகும். டெய்லரக்காவின் கைக்கு அளவு தெரியும். அவள் உட்கார்ந்து கணக்குப் போட்டதில்லை, அவளுடைய கை தானாகப் போட்டது. சின்னவள் தன் தட்டை முடித்ததும், அண்ணனுக்கு என்று ஒரு குரல் வரும், தட்டு மறுபடி நிரம்பும். சின்னவளும் மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவாள். அந்த வீட்டில் அதற்கு ஒரு பெயரே இருந்தது, அண்ணன் பங்கு.

இப்போது அவனுக்குப் பதினாலு நடக்கிறது. பதினாலு வயதுப் பையன் எவ்வளவு சாப்பிடுவான் என்று பிள்ளை பெற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சின்னவள் பெருத்துக்கொண்டே போனது ஊருக்கே தெரிந்தது, அம்மாவுக்குத் தெரியவில்லை. மற்ற வீடுகளில் ஒருநாள் காலையில் பள்ளிக்கூடச் சட்டையில் பொத்தான் பூட்டாது. அம்மா திடுக்கிடுவாள், அப்பா புலம்புவார், புதுச் சட்டை வாங்கக் கடைக்குப் போவார்கள், அங்கே கடைக்காரன் பெரிய அளவை எடுத்துப் போடும்போது எல்லாருக்கும் உறைக்கும். டெய்லரக்கா வீட்டில் அப்படி ஒரு காலை வரவேயில்லை. தைக்கும்போதே உள்ளே தாராளமாகத் துணி மடித்து விட்டிருப்பாள். லேசாக இறுக்குகிறது என்று கைக்குத் தோன்றிய அன்றைக்கே பக்கவாட்டில் பிரித்து, மறுதையல் போட்டு, இஸ்திரி போட்டு மாட்டிவிடுவாள். பழைய தையல் இருந்த தடம்கூடத் தெரியாது, அவள் வேலை அப்படி. எந்தச் சட்டையும் சின்னவளை ஒருநாளும் இறுக்கியதில்லை.

அக்கம்பக்கத்தில் சொன்னதும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. பூசினாற்போல் இருக்கிறாள், கொழுக்மொழுக்கென்று இருக்கிறாள், நல்லா வளர்த்திருக்கிறாய் என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் டெய்லரக்காவுக்குத் தலைகால் புரியாது. பள்ளிக்கூடத்தில் சின்னவளை வேறு மாதிரிக் கூப்பிட்டார்கள், அதை அவள் வீட்டில் சொன்னதில்லை. படி ஏறி வந்து பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். தூக்கத்தில் பெரிய மனுஷி மாதிரி குறட்டை விடுவாள். கழுத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பட்டை விழுந்திருந்தது, தொட்டால் வெல்வெட்டுத் துணி மாதிரி இருக்கும். அழுக்கு என்று நினைத்து டெய்லரக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை நாரால் தேய்த்தாள். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து நிற்பாள்.

பள்ளிக்கூடத்துக்கு மாதம் ஒருமுறை வருகிற நர்ஸ்தான் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். டெய்லரக்காவைவிடப் பத்து வயது இளையவளாக இருப்பாள், குரல் மட்டும் பெரியது. பிள்ளைகளை எடை பார்க்கும்போது அந்தக் குரலை அடக்கிக்கொள்வாள். எடை மெஷினை ஒரு திரைக்குப் பின்னால் வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் அனுப்பிவிடுவாள். ஒருத்தியின் எடை இன்னொருத்தி காதில் விழுந்தால் அன்றைக்கே பட்டப்பெயராகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். டெய்லரக்காவிடம் அவள் முதலில் சொன்னது கழுத்தைப் பற்றி. அது அழுக்கு இல்லை, உடம்புக்குள்ளே சர்க்கரை ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பதற்கு வெளியில் தெரிகிற அடையாளம், எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்றாள். டெய்லரக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை!

நர்ஸ் அவளைத் திட்டவில்லை. வகுப்புக்கு வகுப்பு இப்படி நாலைந்து பேர் இருக்கிறார்கள் என்றாள். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்த மைதானத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன, கேட்டுக்கு வெளியே எட்டு வைத்தால் பொரித்த தீனிப் பாக்கெட்டும் கலர் தண்ணீரும், நல்ல தண்ணீர்க் குழாயோ மாதக்கணக்கில் ரிப்பேர், இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு அம்மாவைப் பிடித்துத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று கேட்டாள். மைதானத்துக்காகவும் குழாய்க்காகவும் அவள் தலைமையாசிரியரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஆனால் சின்னவள் விஷயத்தில் காத்திருக்க முடியாது என்றாள். ரத்தம் எடுத்தும் ஸ்கேன் செய்தும் பார்த்தார்கள். சர்க்கரை விளிம்பில் நின்றது, ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. இப்போது பிடித்தால் சாப்பாட்டிலும் விளையாட்டிலுமே சரியாகிவிடும். விட்டால், பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை வியாதி இவளுக்குப் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் வந்துவிடும், ஆயுசுக்கும் மருந்து. இன்னொரு பிள்ளையையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பார்க்க டெய்லரக்காவுக்குத் தெம்பில்லை.

நர்ஸ் என்ன சாப்பாடு என்று கேட்டாள். டெய்லரக்கா ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். காலையில் ரொட்டியும் முட்டையும், மதியம் கொடுத்தனுப்புகிற டப்பா, சாயங்காலம் பால், இரவில் சோறு, பருப்பு, ஒரு காய். கலர் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வராது. நர்ஸ் சின்னச் சின்னத் திருத்தம் சொன்னாள். தட்டில் பாதி காயாக இருக்கட்டும், பாலில் சர்க்கரை வேண்டாம், தினமும் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு மணி நேரமாவது ஓடி விளையாடட்டும், சீக்கிரம் படுக்கட்டும், அவளுக்கு மட்டும் தனிச் சமையல் என்று ஒதுக்கிவிடாதீர்கள், வீடே ஒரே மாதிரி சாப்பிடுங்கள். டெய்லரக்கா ஒன்றைக்கூட விடவில்லை. சாயங்காலம் கடையை மூடி வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வேகுவேகென்று நடந்தாள். வாயில் குண்டூசியோடு நடந்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் எடை ஏறியிருந்தது. அதற்கடுத்த மாதமும்.

நர்ஸுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்கிறாளோ, பக்கத்து வீட்டில் கொடுக்கிறார்களோ என்று துருவித் துருவிக் கேட்டாள். டெய்லரக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் மகள் திருட்டுத்தனமாகத் தின்கிறவள் இல்லை, நான் என் கையால் போடுவதுதான் அவள் சாப்பாடு, அதிலும் முன்னைவிடக் குறைத்துத்தான் போடுகிறேன் என்றாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. சின்னவள் தட்டில் குறைத்துத்தான் போட்டாள்.

அப்போது நர்ஸ் சின்னவளையே பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு, அவள் முடியை ஒதுக்கிவிட்டபடி கேட்டாள்.

"நேத்து ராத்திரி என்னடா கண்ணு சாப்பிட்ட?"

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள்.

"எதைக் கேக்குறீங்க சிஸ்டர்? என் சாப்பாடா, அண்ணன் சாப்பாடா?"

நர்ஸ் டெய்லரக்காவைத் திரும்பிப் பார்த்தாள். உனக்கு அண்ணன் இருக்கிறானா, எந்த வகுப்பில் படிக்கிறான் என்று அவள் சின்னவளைக் கேட்டதும், பதில் சொன்னது டெய்லரக்கா.

"இருந்தான்."

அந்தச் சொல்லை அவள் பத்து வருடத்தில் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. யார் கேட்டாலும் இரண்டு பிள்ளைகள் என்பாள், அதோடு பேச்சை மாற்றிவிடுவாள். அவளுக்கே அது யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

சின்னவளை வெளியே விளையாடச் சொல்லிவிட்டு நர்ஸ் கதவைச் சாத்தினாள். டெய்லரக்கா எல்லாவற்றையும் சொன்னாள், கால்சட்டை, தள்ளுவண்டி, ஒரு வாய், அகப்பை. சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே எவ்வளவு சோறு என்று தெரிந்தது. நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சின்னவளை இளைக்க வைக்க வேண்டாம் என்றாள். வளருகிற பிள்ளை, எடை இப்படியே நின்றால் போதும், உயரம் ஏற ஏற உடம்பு தானாகச் சரியாகிவிடும், நீங்கள் பயப்படுகிற மாதிரி அவள் துரும்பாகப் போக மாட்டாள் என்றாள். ஆனால் அந்த இரண்டாவது தட்டு நிற்க வேண்டும்.

"அப்போ அவனுக்கு நிறுத்தச் சொல்றீங்களா சிஸ்டர்?" என்று டெய்லரக்கா கேட்டாள். "அவன் பசியோடதான் போனான்."

நர்ஸ் டெய்லரக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

நிறுத்துவது என்றால் ஏதோ குழாயை மூடுவது போல் லேசு என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைக்குச் சமைக்கும்போது கை பழைய அளவிலேயே அரிசியை எடுத்துப் போட்டது. சின்னவள் தன் தட்டை முடித்துவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள், கை காய்கிற வரைக்கும். டெய்லரக்கா போய்க் கை கழுவு என்றாள். இன்னும் அண்ணன் சாப்பிடவில்லையே என்று பார்க்கிற பார்வை. அவள் போன பிறகு டெய்லரக்கா மீதிச் சோற்றை அடுப்படியில் நின்றபடி தானே தின்று பார்த்தாள். நாலாவது வாயில் குமட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் வெளியில் கொட்டலாம் என்று வாசல் வரை எடுத்துப் போனாள், தெருநாய் எழுந்து வந்தது, அதன் முன்னால் கொட்டக் கை வரவில்லை. அதற்கடுத்த நாள் அரிசியைக் குறைத்தே போட்டாள். பானையின் அடி சீக்கிரமே தெரிந்தது. கீழே கடையில் உட்கார்ந்து தைக்கும்போதும் மேலே யாரோ தட்டை நகர்த்துகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. மாடிப்படியில் ஏறிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். சின்னவள் பள்ளிக்கூடம் போயிருப்பாள். ஆனாலும் சத்தம் கேட்டதை அவள் யாரிடமும் இல்லையென்று சொல்ல மாட்டாள்.

ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள். ஒருநாள் மதியம் ஒரு அம்மா ஒரு குட்டிக் கால்சட்டையைக் கொண்டுவந்து, பையன் காய்ச்சலில் கிடந்து இளைத்துவிட்டான், இடுப்பில் கொஞ்சம் பிடித்துக் கொடுங்கள் என்று மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். காய்ச்சல் போய்விட்டதாம், பையன் நன்றாகத்தான் இருக்கிறானாம். டெய்லரக்காவுக்கு அது காதிலேயே விழவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு மேலே ஏறிப் போய் அரிசியை அளந்தாள், பழைய அளவு.

அன்று இரவு சின்னவள் சாப்பிட்டு முடித்தாள். டெய்லரக்கா அகப்பையை எடுத்தாள். ஒன்று, இன்னொன்று, அதன் மேல் பருப்பு. நர்ஸ் சொன்னது, ரத்தச் சோதனை, கழுத்து, எல்லாம் நினைவில் இருந்தது. இருந்தும் போட்டாள். இது மகளைக் கொல்கிற சோறு என்று தெரிந்தே போட்டாள். போடாவிட்டால் மகன் தள்ளுவண்டியில் இன்னும் கேட்டுக்கொண்டே போவான்.

சின்னவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை வைக்கவில்லை.

"அம்மா, அவனுக்கு இவ்வளவு எதுக்கும்மா?"

"சாப்பிடுடி. வளர்ற பையன்."

"அவனுக்கு நாலு வயசுதானேம்மா?"

"இப்ப இருந்தா பதினாலு..." என்று டெய்லரக்கா தொடங்கினாள்.

"இல்லயேம்மா," என்றாள் சின்னவள். குத்திக்காட்டும் தொனியே அதில் இல்லை, ஒரு கணக்கில் அம்மா விட்ட தப்பைத் திருத்துகிற மாதிரி சொன்னாள். "நான்தான் அவனை விடப் பெரியவ. அவன் குட்டிப் பையன். இவ்வளவையும் போட்டா அவனுக்கு வயிறு வலிக்கும். எனக்கே வலிக்கும் தெரியுமா? தினம் வலிக்கும். வேணாம்னு சொன்னா நீ அழுவியேன்னுதான் சொல்லல."

சின்னவள் சோற்றிலிருந்து மூன்று விரலால் கொஞ்சம் எடுத்து, பருப்பில் தொட்டு, பொறுமையாக உருட்டி, தட்டின் ஓரத்தில் வைத்தாள். ஒரு நாலு வயதுப் பிள்ளையின் வாய்க்குச் சரியாக இருக்கும்.

"இது போதும்மா அவனுக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

பத்து வருடமாக அகப்பை அகப்பையாகப் போட்டு வளர்த்த பதினாலு வயதுப் பையன் அந்த வீட்டில் எங்குமே இல்லை. டெய்லரக்கா அவனைத் தேடிப் பார்த்தாள், முகம்கூட வரவில்லை. அந்த ஒரு வாய்க்கு முன்னால் இருந்தவன் சின்னஞ்சிறு பையன், ஆபரேஷன் அன்றைக்கு அவள் கொடுக்காமல் விட்டதும் அந்த ஒரு வாய்தான். அவன் எப்போதோ கேட்பதை நிறுத்திவிட்டிருந்தான்.